"என்னைத் தெரியுதா?" என்று அவரிடம் கேட்காதீர்கள்

பெரம்பூரிலிருந்து ஒரு கணவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவர் மனைவிக்கு 29 வயது. அடுத்த வீட்டு அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தால் தெரியாதவர் மாதிரி நகர்ந்துவிடுகிறார். கல்யாண வீட்டில் கணவரின் சொந்தச் சித்தப்பாவையே புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். கண் டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றுவிட்டார். மாமியார் "திமிர்" என்கிறார். இது மறதியா, மனநோயா, சரியாகுமா, அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது, இரண்டு வயது மகளுக்கும் வருமா?

மறதி இல்லை. மனநோய் இல்லை. திமிர் நிச்சயமாக இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ப்ரோசோபக்னோசியா, அதாவது முகமறியாமை, ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூளையில் முகங்களைப் பிரித்தறியும் ஏற்பாடு மட்டும் சரியாக அமையாத நிலை. எனக்கும் அது பிறவியிலிருந்தே உண்டு. நான் டாக்டர் இல்லை, வங்கிக் கவுன்டரில் உட்காருகிறவள். ஆனால் என் தலைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் மனைவியிடம் ஒன்றைக் கேளுங்கள்: எப்போதிலிருந்து? சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றால் அவசரம் எதுவும் இல்லை. போன மாதம் வரை நன்றாக இருந்து இப்போது திடீரென்று முகங்கள் தெரியவில்லை என்றால் கதையே வேறு. மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபட்டு வரும் பக்கவாதத்தில் கை கால் இழுக்காமலேயே முகங்கள் மட்டும் தொலைந்துபோகலாம். கூடவே நிறங்கள் சாம்பல் பூத்தது போலத் தெரியலாம், தினமும் போகிற வழி குழம்பலாம், பார்வையில் இடது மேல் மூலை விடுபட்டுப் போகலாம். இதில் எது திடீரென்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் "காலையில பாத்துக்கலாம்" என்று படுத்துவிடக் கூடாது. தலையில் அடிபட்டும் வரலாம். 1947-ல் இந்த நிலைக்குப் பெயர் வைத்த ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடாமர் பார்த்ததே போரில் தலையில் காயம்பட்ட வீரர்களைத்தான்.

உங்கள் மனைவியின் விஷயம் அதுவாகத் தோன்றவில்லை. மேற்கொண்டு பிறவியிலிருந்தே இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பலர் நினைப்பதுபோல எங்களுக்கு முகம் மங்கலாகத் தெரிவதில்லை. உங்களுக்குத் தெரிகிற அளவுக்கே தெளிவாகத் தெரியும். கண், மூக்கு, நெற்றிப் பொட்டு எல்லாம் தெரியும். எதிரே நிற்பவர் ஆணா பெண்ணா, வயது என்ன இருக்கும், கோபமா சிரிப்பா என்பதும் எங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அழகான முகம் என்றுகூடத் தோன்றும். அது யாருடைய முகம் என்பது மட்டும் வராது. அவர் திரும்பி நடந்த அடுத்த நிமிஷம் அந்த முகத்தை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்தால் தனித்தனி உறுப்புகள் வரும், முகம் வராது.

இதை நீங்களே கொஞ்சம் அனுபவித்துப் பார்க்கலாம். இன்றைய பேப்பரில் பெரிதாக ஒரு அரசியல்வாதி படம் இருந்தால் அதைத் தலைகீழாகத் திருப்பி, உங்கள் அம்மாவிடம் யார் என்று கேளுங்கள். வழக்கத்தைவிடத் திணறுவார். நாற்காலியையோ ஸ்கூட்டரையோ தலைகீழாகக் காட்டினால் அந்த அளவுக்குத் திணற மாட்டார். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி, அளவு, சாய்வு எல்லாவற்றையும் மூளை ஒரே வீச்சில் அள்ளிக்கொள்கிறது. அந்த வீச்சு நேராக இருக்கும் முகத்துக்குத்தான் பழகியிருக்கிறது. 1969-லேயே இதைச் சோதனை செய்து எழுதிவிட்டார்கள். எங்களுக்கு நேராக இருக்கும் முகத்திலும் அந்த அள்ளல் நடப்பதில்லை. உறுப்பு உறுப்பாகக் கூட்டிப் பார்க்கிறோம், அதற்குள் ஆள் கடந்துபோய்விடுகிறார்.

இந்த வேலைக்கென்றே மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறத்தில், ஃபியூசிஃபார்ம் மடிப்பு என்ற இடத்தில் ஒரு பகுதி இருப்பதை 1997-ல் நான்சி கான்விஷரும் சகாக்களும் ஸ்கேன் மூலம் காட்டினார்கள். முகத்தைக் காட்டினால் அது சுறுசுறுப்பாகிறது, வீட்டையோ கையையோ காட்டினால் அவ்வளவாக இல்லை. பிறவியிலேயே முகமறியாமை உள்ளவர்களின் சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் "நார்மல்" என்றே வரும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஸ்கேன் எடுத்துவிட்டு "அதான் ஒண்ணும் இல்லையாமே" என்று வீட்டில் பேச்சு வாங்குவதற்கு இதுதான் காரணம்.

முகத்துக்குத் தனிப்பாதை இருக்கிறது என்பதற்கு நான் படித்ததில் எனக்குப் பிடித்த சாட்சி பிரிட்டனில் 1993-ல் பதிவான ஒருவர். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு மனித முகங்கள் தெரியாமல் போயின. பிறகு ஆட்டு மந்தை ஒன்றை வாங்கினார். மந்தையில் எது எந்த ஆடு என்று முகத்தை வைத்தே சொன்னார். மனிதர்களை அல்ல. 1997-ல் கனடாவில் பதிவான இன்னொருவருக்கு நேர் எதிர்: பொருள்கள் எதுவும் பிடிபடாது, முகங்கள் மட்டும் பிடிபடும்.

எத்தனை பேருக்கு இருக்கும்? ஜெர்மனியில் 2006-ல் மாணவர்களிடையே நடத்திய ஆய்வில் சுமார் 2.5 சதவீதம் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட கணக்கில் லேசான நிலையையும் சேர்த்தால் 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், கடுமையான அளவுகோல் வைத்தால் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழ். 500 பேர் வந்த கல்யாண மண்டபத்தில் கடுமையாக உள்ளவர்கள் சுமார் இரண்டு பேர், லேசாக உள்ளவர்களையும் கூட்டினால் பதினைந்து பேர். அவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது என் ஊகம். எல்லாருக்கும் இப்படித்தான், நமக்குத்தான் கவனம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

பிரபலங்கள் பெயரைச் சொன்னால் வீட்டில் எடுபடும் என்பதால் சொல்கிறேன். நரம்பியல் மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் சாக்ஸுக்கு இது இருந்தது. எதிரே வந்த தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு அது கண்ணாடி என்று கண்டுகொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடாலுக்கும் இருந்தது. பிரம்மாண்டமான முக ஓவியங்களாலேயே பேர் வாங்கிய சக் க்ளோஸுக்கும் இருந்தது. நம் நாட்டில் நடிகை ஷெனாஸ் ட்ரெஷரி 2022-ல் தனக்கு இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார்.

இனி உங்கள் மனைவி எப்படி ஓட்டுகிறார் என்ற பக்கத்துக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

தமயந்தியின் சுயம்வரம் உங்களுக்கு நினைவிருக்கும். மண்டபத்தில் ஐந்து நளன்கள், ஐந்து பேருக்கும் ஒரே முகம். அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, யார் கண் இமைக்கிறது, யார் கால் தரையில் படுகிறது, யார் மாலை வாடியிருக்கிறது என்று பார்த்து மாலையைப் போட்டாள். அவள் ஒரு நாள் செய்ததை நாங்கள் தினமும் காலையிலிருந்து ராத்திரி வரை செய்கிறோம். நடை, குரல், உயரம், தோளைச் சாய்க்கும் விதம், மூக்குத்தி எந்தப் பக்கம், புடவைத் தலைப்பை எப்படிப் போடுகிறார், செருப்பை இழுத்து நடக்கிறாரா. எல்லாவற்றுக்கும் மேல், எந்த இடத்தில் நிற்கிறார் என்பது. கோயில் வாசலில் இடது ஓரம் உட்கார்ந்திருந்தால் பூக்காரம்மா. தள்ளுவண்டிக்குப் பின்னால் கரிப்பெட்டியோடு நின்றால் இஸ்திரிக்காரர். அதே பூக்காரம்மா ஒரு நாள் நகைக்கடன் விஷயமாக வங்கிக்கு வந்து என் முன் நின்றார். "என்னம்மா, தெனம் பூ வாங்குறீங்க, இன்னிக்கு யாரோ மாதிரி பாக்குறீங்க?" என்றார். வாயைத் திறந்த பிறகுதான் குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். உங்கள் அடுத்த வீட்டு அம்மா விஷயமும் இதேதான். வாசலில் கோலம் போடும்போது உங்கள் மனைவிக்கு அவரை நன்றாகவே தெரியும். கடைத்தெருவில் அந்த வாசல் கூட வருவதில்லை.

சென்னை இந்த விஷயத்தில் கொஞ்சம் கருணையும் காட்டும், கொஞ்சம் கொல்லவும் செய்யும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் எனக்கு ஒரு பயமும் கிடையாது. அங்கே யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். சபா கேன்டீன் வேறு மாதிரி. மார்கழியில் காபி டம்ளரோடு நிற்பவர்களில் யார் வேண்டுமானாலும் தெரிந்தவராக இருக்கலாம். வீட்டோடு திருப்பதி போய் மொட்டை போட்டுக்கொண்டு வருகிற குடும்பங்கள் எனக்குப் பெரிய சோதனை. முந்தின வாரம் வரை முடியை வைத்துப் பிரித்து வைத்திருந்த அப்பாவும் இரண்டு மகன்களும் ஒரே நாளில் கையை விட்டுப் போய்விடுவார்கள். கார்த்திகை பிறந்து அலுவலகத்தில் பாதி ஆண்கள் மாலை போட்டு, கறுப்பு வேட்டியும் தாடியுமாக வரும்போது மட்டும் எனக்கு நிம்மதி. எல்லாரையும் "சாமி" என்று கூப்பிட்டால் போதும். அந்தச் சீசனில் பெயர் தெரியாதது ஒரு குற்றமே இல்லை.

பொதுவாகவே தமிழ் எங்களுக்கு நல்ல ஒதுங்குமிடம். பெயரே சொல்லாமல் அண்ணா, அக்கா, மாமா, அத்தை என்று ஆளை மரியாதையாகக் கூப்பிட்டுவிடலாம். "வாங்க, சாப்பிட்டீங்களா? வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்பது யாருக்கும் பொருந்தும். பதிலில் "பெரியவன் பெங்களூர்லயே இருக்கான்" என்று ஒரு நூல் நுனி கிடைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் மனைவி பேச்சில் கெட்டிக்காரர் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருப்பார் என்று பந்தயம் கட்டுவேன்.

நம் தலைவர்களும் உபகாரம் செய்திருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். என்றால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், கலைஞர் என்றால் மஞ்சள் துண்டு. எனக்கு ஒரு நாளும் தவறியதில்லை. சினிமாதான் பாடு. ஒரே படத்தில் நீள முடி வைத்த இரண்டு ஹீரோயின்கள் வந்தால் இடைவேளைக்குள் எனக்குக் கதை சிக்கிவிடும். கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்டு ஹீரோ மாறுவேஷத்தில் வருகிற பழைய படங்களைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் இருப்பதில்லை. வில்லன் ஏமாந்தது நியாயம்தான்.

இப்போது கல்யாண மண்டபம். உங்கள் கேள்வியின் வலி அங்கேதான் இருக்கிறது.

எங்களுக்கு உதவும் எல்லா அடையாளமும் அங்கே ஒன்றாக அழிந்துவிடுகிறது. வழக்கமாகப் பருத்திப் புடவையில் பார்த்தவர் பட்டில் இருப்பார். எல்லார் தலையிலும் மல்லிகை. நாதஸ்வரமும் மைக்கும் குரலை விழுங்கிவிடும். எல்லாரும் வழக்கமான இடத்தைவிட்டு வந்திருப்பார்கள். அப்போது ஒரு பெரியவர் வருவார். உங்கள் மனைவியின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, பக்கத்தில் நிற்பவர்கள் கேட்க, "என்னை யாருன்னு தெரியுதா, சொல்லு பாப்போம்" என்பார். அவருக்கு அது கொஞ்சல். எங்களுக்கு அது சபை நடுவில் வைக்கும் பரீட்சை. தெரியும் என்று சொன்னால் "யாரு?" என்று அடுத்த கேள்வி வரும். தெரியாது என்று சொன்னால், "உன் கல்யாணத்துல ரெண்டு நாள் கூடவே இருந்தேன், மறந்துட்டியே" என்பார், இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ராத்திரிக்குள் உங்கள் அம்மா காதுக்கு வந்துவிடும். நம் ஊரில் ஆளைத் தெரிந்துகொள்வதே முதல் மரியாதை. அதற்குப் பிறகுதான் வணக்கமும் காபியும். அந்த முதல் படியிலேயே தடுக்குகிறவளை ஊர் வேறென்ன சொல்லும்?

"அப்ப எல்லாரையும் பாத்துச் சிரிச்சு வைக்க வேண்டியதுதானே" என்று எனக்கும் அறிவுரை வந்திருக்கிறது. சொல்வது சுலபம். பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாத ஆணைப் பார்த்து ஒரு பெண் சிரித்தால் என்ன ஆகும் என்று ஆண்கள் யோசிப்பதில்லை. எல்லாரையும் பார்த்துச் சிரித்தால் ஒரு பேர், யாரையும் பார்க்காமல் நடந்தால் இன்னொரு பேர். எங்களில் நிறையப் பெண்கள் தரையைப் பார்த்து நடக்கப் பழகிவிடுவது இதனால்தான். அதைத்தான் தலைக்கனம் என்கிறார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. மண்டபத்தில் அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். யாராவது வருவது தெரிந்ததும் நீங்கள் முந்திக்கொண்டு, அவர் காதில் விழும்படி, "வாங்க சித்தப்பா, ஆவடியிலேர்ந்து எப்ப வந்தீங்க?" என்று சொல்லுங்கள். முறையும் ஊரும் அதில் வந்துவிட்டது. மீதியை அவர் பார்த்துக்கொள்வார். காதில் கிசுகிசுக்காதீர்கள், எதிரே வருகிறவருக்குத் தப்பாகப் படும். நீங்கள் நகர வேண்டியிருந்தால் அந்த வேலையை நம்பகமான ஒரு நாத்தனாரிடமோ அண்ணியிடமோ ஒப்படைத்துவிட்டுப் போங்கள். சந்தனக் கிண்ணத்தோடு வரவேற்க வாசலில் மட்டும் அவரை நிறுத்தாதீர்கள். எங்களுக்கு அதைவிடக் கொடுமையான வேலை ஒரு மண்டபத்தில் கிடையாது. சமையல்கட்டு, பந்தி, மணமேடைக்குப் பின்னால் சாமான் எடுத்துக் கொடுப்பது என்று எது கொடுத்தாலும் செய்வோம்.

வெளியே சந்திப்பதென்றால் "ஸ்டேஷன்ல வந்து நில்லு" என்று சொல்லாதீர்கள். எழும்பூரில் எந்த நடைமேடை, எந்தக் கடை முன்னால், நீங்கள் என்ன நிறச் சட்டை என்று போனில் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் அவரைப் பார்த்தால் கையை ஆட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முடி வெட்டிக்கொண்டாலோ மீசையை எடுத்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். இது விளையாட்டில்லை. கட்டின புருஷனையே ஒரு நொடி தவறவிடுவதும் எங்களுக்கு நடக்கும்.

அந்த ஒரு நொடியை வைத்துப் பாசம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முகம் தெரிவதும் பாசம் சுரப்பதும் மூளையில் ஒரே இடத்தில் நடக்கும் காரியங்கள் இல்லை. மூளைக் காயத்தால் முகமறியாமை வந்த ஒருவரை அமெரிக்காவில் சோதித்து 1984-ல் எழுதினார்கள். தெரிந்தவர் படத்தைக் காட்டிப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் எது சரி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் சரியான பெயர் வரும்போது அவர் தோலின் மின்கடத்தும் தன்மை கூடியது. வாய்க்குத் தெரியாதது உடம்புக்குத் தெரிந்திருந்தது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு, காப்கிராஸ் என்று பெயர். முகம் அப்படியே தெரியும், அதைப் பார்த்ததும் வரவேண்டிய நெருக்கம் மட்டும் வராது. அதனால் "இது என் அம்மா இல்லை, அம்மா மாதிரி வேஷம் போட்ட யாரோ" என்பார்கள். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன வி.எஸ்.ராமச்சந்திரன் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். உங்கள் மனைவிக்கு நெருக்கத்தில் குறை இல்லை. நீங்கள் இருமினாலே நீங்கள்தான் என்று அவருக்குத் தெரியும்.

பரிசோதனைக்கு வருவோம். உலகம் முழுக்கப் பயன்படுத்துவது கேம்பிரிட்ஜ் முக நினைவுச் சோதனை. டச்செய்ன், நாகயாமா இருவரும் 2006-ல் வெளியிட்டது. முடி வெளியே தெரியாத ஆறு ஆண் முகங்களைப் பழக்கிவிட்டு, பிறகு மூன்று மூன்று முகமாகக் காட்டி, பார்த்தது எது என்று கேட்பார்கள். அன்றாட அனுபவத்தைப் பற்றி 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் 2015-லிருந்து இருக்கிறது. இணையத்தில் செய்து பார்க்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தச் சோதனையில் உள்ளவை வெள்ளைக்கார முகங்கள். தான் பார்த்துப் பழகிய இனத்து முகங்களைத்தான் எல்லா மனிதர்களுமே நன்றாகப் பிரித்தறிகிறார்கள். ஆகவே இங்கே உள்ள ஒருவருக்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. நரம்பியல் மருத்துவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் மூலமாக நரம்பு உளவியல் பரிசோதனை செய்பவரிடம் போவதுதான் முறை. பொருள்களை அடையாளம் காண்பது, நினைவாற்றல், வழி தெரிவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முகத்தில் மட்டும் குறை என்று சொல்ல முடியும். ஆட்டிசம் உள்ளவர்களில் சிலருக்கும் முகம் பிடிபடாது என்பதால் அதையும் கேட்பார்கள். போகும்போது சின்ன வயதுச் சம்பவங்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எல்லா மருத்துவரும் இதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். "மறதி" என்று ஆரம்பித்தால் பேச்சு வைட்டமின் பி12 பக்கம் போய்விடும். "முகம் மட்டும் பதியலை, மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு" என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

மருந்து இல்லை. முகங்களை ஒட்டுமொத்தமாகப் பார்க்கப் பழக்கும் கணினிப் பயிற்சிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், சிலருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்திருக்கிறது, குணமாகிவிட்டது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. வல்லாரை லேகியத்தையும் ஞாபகசக்தி மாத்திரையையும் வாங்காதீர்கள். ஞாபகத்தில் குறையே இல்லாத ஆளுக்கு அது எதற்கு? மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா என்றும் சிலர் கேட்பதுண்டு. 2016 சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இதன் பெயர் இல்லை.

வேலைக்குப் போகிறவர் என்றால் வேலையைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் தந்திரம் வேண்டும். எனக்கு வாய்த்த கவுன்டர் நல்ல இடம். ஆள் வருவதற்குள் பாஸ்புக் வந்துவிடும், அதில் பெயர் இருக்கும். சலான் கையெழுத்தைச் சரிபார்க்க முகம் வேண்டாம். புகைப்படத்தையும் ஆளையும் ஒப்பிடும் வேலை வந்தால் பக்கத்து இருக்கை அக்காவிடம் தள்ளிவிடுவேன், பதிலுக்கு அவருடைய வட்டிக் கணக்குகளை நான் போட்டுத் தருவேன். கிளையில் எல்லாருக்கும் என் விஷயம் தெரியும். சொன்ன பிறகுதான் கழுத்து வலி போயிற்று என்பேன், அவ்வளவு குனிந்து நடந்திருக்கிறேன். கொரோனாக் காலத்தில் எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தபோது மேனேஜரே "யாரு, யாரு" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். நான் நடையை வைத்து ஒவ்வொருவராகச் சொல்லிக் கொடுத்தேன்.

இனி உங்கள் அம்மா. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை முதலில் மனைவி முடிவு செய்யட்டும், அவர் சம்மதமில்லாமல் நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். சொல்லும்போது ப்ரோசோபக்னோசியா என்ற பெயரை எடுக்கவே வேண்டாம். பெரிய பெயர் கேட்டால் பெரிய வியாதி என்று பயந்து, "கல்யாணத்துக்கு முன்னாடி ஏன் மறைச்சாங்க?" என்று சம்பந்தி வீட்டை இழுப்பார்கள். அவர் பாஷையிலேயே பேசுங்கள். "அம்மா, சில பேருக்குப் பாட்டு கேட்டா சுதி பிடிபடாதில்ல, அது மாதிரி இவளுக்கு முகம் பிடிபடாது. பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். அவங்க அம்மாவையே கூட்டத்துல விட்டுட்டு அழுதிருக்கா. குரல் கேட்டா உடனே தெரிஞ்சுக்குவா." கடைசி வாக்கியம் முக்கியம், ஏனென்றால் அதில் அம்மா செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. வெளியில் பார்த்தால் அம்மாவே முதலில் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். "நான் பெரியவ, நான் ஏன் முதல்ல கூப்பிடணும்?" என்று கேட்டால் வாதாடாதீர்கள். அடுத்த தடவை கடைத்தெருவுக்கு மூன்று பேரும் போங்கள். அம்மா கொஞ்சம் தள்ளி நின்று, வேறு ஒருவரிடம் பேசுகிற சாக்கில் குரல் கொடுக்கட்டும். உங்கள் மனைவி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறார் என்று அவரே பார்ப்பார். அப்படியும் ஒத்துக்கொள்ளாத மாமியார்கள் உண்டு. என் மாமியார் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "நான்தான்டி" என்று குரல் கொடுக்கப் பழகிவிட்டார்.

மகள் விஷயம். இது குடும்பங்களில் தொடர்வது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது, ஆகவே வர வாய்ப்பு உண்டு, வந்தே தீரும் என்பது இல்லை. எந்த மரபணு என்று இன்னும் உறுதியாகப் பிடிபடவில்லை, அதனால் ரத்தப் பரிசோதனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு வயதில் எதையும் சொல்ல முடியாது. நாலைந்து வயதில் கவனியுங்கள். அம்மா தலைக்குக் குளித்துத் துண்டு கட்டிக்கொண்டு வந்தால் மிரள்கிறாளா, பள்ளியில் தோழியைப் பையின் நிறத்தை வைத்துச் சொல்கிறாளா, கார்ட்டூன் பிடித்து, மனிதர்கள் நடித்த படம் பிடிக்காமல் போகிறதா, கூட்டத்தில் விடாமல் புடவையைப் பிடித்துக்கொள்கிறாளா. இவற்றில் ஏதோ ஒன்று எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கும். எல்லாம் சேர்ந்து இருந்து, வயது ஏற ஏறவும் போகாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

அதற்காக இப்போதே கவலைப்பட வேண்டாம். ஆனால் ஒரு ஏற்பாடு மட்டும் வீட்டில் செய்துகொள்ளுங்கள், மகளுக்கு இருக்கிறதோ இல்லையோ, அம்மாவுக்கு இருப்பதால் தேவைப்படும். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் ஒரே சீருடையில் இருநூறு குழந்தைகள் ஓடி வரும்போது, தன் குழந்தை எது என்று உங்கள் மனைவிக்கு உடனே தெரியாது. அந்தப் பதற்றம் எனக்குத் தெரியும். என் மகன் பையில் பச்சை நிறத்தில் தடிமனான ரிப்பன் ஒன்றைத் தைத்திருந்தேன், அவனிடம் "நீதான் என்னைத் தேடி வரணும், நான் இந்த வேப்பமரத்தடியைவிட்டு நகர மாட்டேன்" என்று சொல்லியிருந்தேன். அவனைக் கூப்பிட வேறு யார் போனாலும் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் யாராக இருந்தாலும் அவன் போகக் கூடாது. முகத்தை நம்ப முடியாத குழந்தையிடம் "நான் உங்க மாமாவோட ஃப்ரெண்டு" என்று எவனும் வந்து நிற்கலாம், அதற்கு இந்த வார்த்தைதான் காவல். மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது கிளாஸ் டீச்சரிடம் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பெற்றோர் கூட்டத்தில் டீச்சரே வந்து "நான் உங்க பொண்ணோட மிஸ்" என்று ஆரம்பித்துவிடுவார்.